நாய்க்குட்டி கடிக்காமல் இருக்கப் பழக்குவது எப்படி?

வீட்டுக் காவலுக்கும், ஆடு கோழிகளின் பாதுகாப்புக்கும் நாய் வளர்ப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் குட்டியைக் கொண்டுவரும்போது இருக்கும் ஆசை, அதற்கு மூன்று நான்கு மாதம் ஆவதற்குள் பல வீடுகளில் குறைந்துவிடுகிறது. இதற்கு முதல் காரணம் குட்டியின் கடி. கை, கால், புடவைத் தலைப்பு, வேட்டிக் கரை, குழந்தையின் பாவாடை என்று எட்டியதையெல்லாம் அது பல்லால் பிடிக்கிறது. தொடக்கத்தில் இது வேடிக்கையாக இருக்கும். பல் வளர வளர வேடிக்கை தொல்லையாகிறது. சிலர் அடிக்கிறார்கள், சிலர் நாள் முழுவதும் கட்டிப்போடுகிறார்கள். கடைசியில் அது ஒரு நாள் குழந்தையைக் கடித்துவிட்டால், சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இப்படி விடப்படும் நாய்தான் பின்னர் தடுப்பூசியும் இல்லாமல், உடையவரும் இல்லாமல், தெருவில் குட்டி போட்டுப் பெருகுகிறது.

இந்த முடிவைத் தவிர்க்க முடியும். குட்டிக்கு நான்கரை மாதம் ஆவதற்குள், பல்லை எந்த அளவுக்கு உபயோகிக்கலாம் என்பதைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. பொறுமையும், வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும்தான் வேண்டும்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டை ஒட்டியுள்ள பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் இந்தப் பழக்கம் மிகவும் அவசியம். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் ஓயாத வாகனப் போக்குவரத்துள்ள சாலை. இரண்டுக்கும் இடையில் நெருக்கமான வீடுகள். வலை பழுது பார்ப்பதும், மீன் காயப்போடுவதும், பிள்ளைகள் விளையாடுவதும் அடுத்தடுத்த இடங்களிலேயே நடக்கின்றன. அருகிலேயே பல்கலைக்கழகங்கள் இருப்பதால் வெளியூர் மாணவர்களின் நடமாட்டமும் உண்டு. இத்தகைய இடத்தில் பல் அடங்காத நாய் ஒன்று இருந்தால், அது ஒரு வீட்டின் தொல்லையாக மட்டும் நின்றுவிடாது.

ஏன் கடிக்கிறது?

குட்டி கடிப்பது கெட்ட குணத்தால் அல்ல. குழந்தை ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்த்து அறிந்துகொள்வதுபோல, நாய்க்குட்டி வாயால் கவ்விப் பார்த்து அறிந்துகொள்கிறது. அதற்கு வாய்தான் கை.

பிறந்து மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28 பால் பற்கள். ஊசிமுனைபோல் கூர்மையாக இருப்பதால், தாடையில் வலு இல்லாவிட்டாலும் கடி சுருக்கென்று வலிக்கும். ஏறத்தாழ நான்காம் மாதத்தில் இவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். பல் மாறும் காலத்தில் ஈறு குறுகுறுப்பதால் கடிக்கும் ஆசை அதிகமாகும்.

இவை தவிர விளையாட்டு, பசி, தூக்கக் களைப்பு, பயம் ஆகிய நான்கும் கடிக்கக் காரணமாகும். எதனால் கடிக்கிறது என்பதைக் கவனித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு மாதம் வரை தாயிடம் இருக்கட்டும்

பல்லை அடக்கக் கற்றுக்கொடுக்கும் முதல் ஆசிரியர்கள் தாயும் கூடப்பிறந்த குட்டிகளுமே. இரண்டு குட்டிகள் கட்டிப் புரளும்போது ஒன்று மற்றொன்றின் காதை அழுத்திக் கடித்தால், கடிபட்டது ‘வீல்’ என்று கத்தி விலகிக்கொள்ளும். விளையாட்டு நின்றுவிடும். கடித்த குட்டிக்கு இது நஷ்டம். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும், அல்லது உறுமும். ‘அழுத்திக் கடித்தால் விளையாட்டும் போகும், பாலும் போகும்’ என்ற பாடம் இப்படி நாள்தோறும் பல முறை நடக்கிறது.

ஆனால் நம் கிராமங்களில் குட்டி கண் திறந்து நடக்கத் தொடங்கியதுமே, முப்பது நாளில் தூக்கி வந்துவிடுகிறார்கள். இத்தகைய குட்டி அந்தப் பாடத்தைப் படிக்காமலே வருகிறது. எட்டு வாரம் முடிந்த பிறகு பிரிப்பதே சரியானது. தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடிந்து பனிக்காலத்தில் குட்டி போடுகின்றன. வேண்டிய குட்டியை அப்போதே பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் வரை தாயுடனேயே விட்டு, அந்த இடத்துக்கே சோறு கொண்டுபோய் வைத்துப் பழக்கப்படுத்திக்கொள்ளலாம். தாய் செத்துப்போன குட்டியாக இருந்தால், அதே வயதுக் குட்டிகளோடு அல்லது தடுப்பூசி போட்ட சாதுவான பெரிய நாயோடு தினமும் சிறிது நேரம் விளையாட விடுவது நல்லது.

முதலில் அழுத்தம் குறையட்டும்

பலர் குட்டி ஒரே நாளில் வாய் வைப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இது முறையல்ல. முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதன் பிறகே வாய் வைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். காரணம் இதுதான். எவ்வளவு நல்ல நாயும் வாழ்நாளில் என்றாவது ஒரு முறை வலியாலோ திடுக்கிட்டோ வாயைத் திறக்கக்கூடும். வாலில் சைக்கிள் ஏறலாம். இருட்டில் யாராவது மிதித்துவிடலாம். அழுத்தம் காட்டாமல் இருக்கக் குட்டியிலேயே பழகிய நாய், அந்த நேரத்திலும் பல்லைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்ளும். பழகாத நாய் சதையைப் பிடுங்கிவிடும்.

செய்ய வேண்டியது வருமாறு:

குட்டியுடன் விளையாடும்போது அது மெதுவாகக் கவ்வினால் பொறுத்துக்கொள்ளலாம். வலிக்கும்படி கடித்தால் உடனே ‘ஆ’ என்று ஒரு முறை சத்தமிட்டு, கையை அசைக்காமல் தளர விட வேண்டும். கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஓடுவதைத் துரத்திப் பிடிப்பது நாயின் சுபாவம். இழுக்கிற கை அதற்கு ஓடுகிற எலி மாதிரி.

குட்டி வாயை எடுத்ததும் அரை நிமிடம் அதைப் பார்க்காமல், பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு மீண்டும் விளையாடலாம். மறுபடியும் கடித்தால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் போதும். குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அடைக்கக் கூடாது. ஆள்தான் விலக வேண்டும். தூக்கும்போது இன்னும் இரண்டு கடி கிடைக்கும் என்பதோடு, தூக்குவதையே அது விளையாட்டாக நினைத்துக்கொள்ளும்.

சில குட்டிகள் ‘ஆ’ என்ற சத்தம் கேட்டால் மேலும் உற்சாகம் அடையும். அவற்றிடம் சத்தம் போடாமல் விலகிப்போவதே பலன் தரும்.

பலத்த கடி நின்ற பிறகு, நடுத்தரக் கடிக்கும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். சில வாரங்களில் குட்டி வாயை வைக்குமே தவிர அழுத்தாது. இந்த நிலைக்கு வந்தபின் ‘விடு’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கலாம். முள் நீக்கிய அவித்த மீன் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘விடு’ என்று சொல்லி, கவ்விய பொருளை விட்டதும் மீனைக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்தால் சீக்கிரம் புரிந்துகொள்ளும். நான்கரை மாதம் ஆகும்போது, மனிதர் மேல் பல் படவே கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இதில் வீட்டார் அனைவரும் ஒரே கட்டாக இருக்க வேண்டும். அப்பா கடித்தால் விலகுகிறார், அண்ணன் கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டுச் சிரிக்கிறான் என்றால் குட்டிக்கு எது சரி என்று விளங்காது. விளையாட்டுக்குக் கையையும் காலையும் ஆட்டிக் காட்டி உசுப்பேற்றும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

கடிக்க எதைக் கொடுப்பது?

‘கடிக்காதே’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘இதைக் கடி’ என்று ஒன்றைக் கொடுக்க வேண்டும். பழைய பருத்தித் துணியைத் தடித்த முடிச்சாகப் போட்டுக் கொடுக்கலாம். பல் மாறும் காலத்தில் அந்தத் துணியை நனைத்து, ஐஸில் சற்று நேரம் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவுள்ள கெட்டி ரப்பர்ப் பந்தும் ஏற்றது. துணியோ கயிறோ நைந்து நூல் பிரிந்தால் மாற்றிவிட வேண்டும். பழைய செருப்பைக் கொடுப்பது தவறு. பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் குட்டிக்கு வேறுபாடு தெரியாது.

கடலோர ஊர்களில் குட்டியின் வாய்க்கு அகப்படும் பொருள்கள் சில உயிருக்கே ஆபத்தானவை. அறுந்த நைலான் நரம்பும் வலைத் துண்டும் வயிற்றில் போனால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நரம்பின் நுனி தெரிந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இரை மாட்டிய தூண்டில் முள்ளைக் குட்டிகள் விழுங்கிவிடுவதுண்டு. கெளுத்தி மீனின் முள் வாயில் குத்தி மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும்விடக் கொடியது, வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியப்படும் பேத்தை மீன். இதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆகவே, பேத்தையை மணலில் எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுவது நாய்க்கு மட்டுமல்ல, ஊருக்கும் நல்லது. வேகவைத்த கோழி எலும்பும் கூடாது. அது சிராய் சிராயாகப் பிளந்து தொண்டையில் குத்தும்.

இத்தகைய ஊர்களில் ‘விடு’ என்ற ஒரு சொல் குட்டியின் உயிரைக் காக்கும். வாயில் இருப்பதைப் பிடுங்கப்போனால் குட்டி அவசரமாக விழுங்கும். கொடுத்தால் வேறொன்று கிடைக்கும் என்று பழகிய குட்டி, விட்டுவிடும்.

தூக்கமும் தீனியும்

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் சுமார் 18 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு விளையாடினால் தூக்கம் கெட்டு, மாலை நேரத்தில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கண்டதையெல்லாம் கடிக்கும். இதற்கு மருந்து தூக்கமே. ஆள் நடமாட்டம் இல்லாத நிழலான மூலையில் சாக்கு விரித்து, அங்கே குட்டி படுத்துவிட்டால் யாரும் தொடக் கூடாது என்று வழக்கப்படுத்த வேண்டும்.

மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும் சிறுகச் சிறுகத் தீனி கொடுக்க வேண்டும். வெறும் பால் சோறு மட்டும் போதாது. அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், பருப்பு ஆகியவற்றைச் சேர்ப்பது நல்லது. அரை வயிற்றுக் குட்டி கையில் மீன் வாடை அடித்தாலே கடிக்கும். மீன் அறுத்த கையைக் கழுவாமல் குட்டியோடு விளையாடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் ‘பழக்குவது’ தவறான முறை. அது தட்டைக் காக்கக் கடிக்கும் நாயைத்தான் உண்டாக்கும். மாறாக, குட்டி சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் அருகில் போய், தட்டில் இன்னொரு மீன் துண்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். மனிதக் கை தட்டருகே வந்தால் லாபம்தான் என்று குட்டி தெரிந்துகொள்ளும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

நாய்க்கடிக்கு அதிகம் ஆளாவோர் சிறுவர்களே. வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் ஐந்தில் இருவர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள். இவை மூன்றும் குட்டியைத் துரத்தித் கடிக்கத் தூண்டும்.

குட்டி காலைக் கவ்வினால் ஓடாமல், கைகளை மடக்கிக்கொண்டு மரம்போல் அசையாமல் நிற்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அசையாத பொருளில் குட்டிக்கு ருசி இல்லை, விட்டுவிடும். தூங்கும் குட்டியையும், சாப்பிடும் குட்டியையும், குட்டி போட்ட தாயையும் நெருங்கக் கூடாது. வாலையும் காதையும் இழுக்கக் கூடாது. முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் நாயையும் பெரியவர் பார்வையில்லாமல் தனியே விடவே கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் இதில் விலக்கு இல்லை.

அடித்தால் என்ன?

மூக்கில் தட்டுவது, வாயை அழுத்தி மூடுவது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, வாயில் மிளகாய்ப் பொடி தடவுவது ஆகியவை கிராமங்களில் சொல்லப்படும் வழிகள். இவற்றால் அப்போதைக்குக் குட்டி அடங்கினாற்போல் தோன்றும். ஆனால் அது கற்றுக்கொள்வது ‘கடிக்கக் கூடாது’ என்பதை அல்ல. ‘கை வந்தால் வலிக்கும்’ என்பதையே. வளர்ந்த பின், யாராவது தடவிக்கொடுக்கக் கை நீட்டினாலும் அது முந்திக்கொண்டு கடிக்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. உறுமுகிற குட்டியை அடித்து உறுமலை நிறுத்துவது பெருந்தவறு. உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. ‘இதற்குமேல் வேண்டாம்’ என்று அது சொல்கிறது. உறுமினால் அடி விழும் என்று பழகிய நாய், உறுமாமலே கடிக்கும். உறுமினால் அந்த இடத்தில் விலகி, எதனால் உறுமியது என்று பார்க்க வேண்டும். காதில் புண், உண்ணி, காலில் முள் என்று பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

ஆடும் கோழியும் உள்ள வீட்டில்

கோழிக்குஞ்சைக் கவ்வும் குட்டியும் தொடக்கத்தில் விளையாட்டாகத்தான் கவ்வுகிறது. ஆனால் ஒரு முறை துரத்திப் பிடித்துவிட்டால் அந்த ருசியை மறப்பது கடினம். முதல் துரத்தலே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் சூட்சுமம்.

குட்டியை நீளமான கயிற்றில் கட்டி, கோழிகளுக்குத் தீனி போடும் நேரத்தில் சற்றுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். கோழியைப் பார்த்தும் பாயாமல் இருந்தால் தட்டிக்கொடுத்து ஒரு துண்டு தீனி கொடுக்கலாம். பாய்ந்தால் எதுவும் பேசாமல் இன்னும் தள்ளிக் கூட்டிப்போக வேண்டும். சில வாரங்களில் கோழியும் ஆடும் அதற்குத் திண்ணை, தூண்போல் பழகிப்போகும். ஆட்டுக் கிடையில் காவலுக்கு வளர்ப்போர் இரண்டு மாதத்திலிருந்தே குட்டியை, முட்டாத சாதுவான ஆடுகளுக்கு அருகில் படுக்க விடுவது நல்லது.

கடிக்காத நாய் காவல் காக்குமா?

இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. குட்டியை இருட்டறையில் கட்டிவைத்து, மிளகாய் கலந்த சோறு போட்டால் ‘ரோஷமான’ காவல் நாயாகும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இது முற்றிலும் தவறு. மிளகாய் வயிற்றைத்தான் கெடுக்கும். நாள் முழுவதும் கட்டப்பட்ட நாய்க்குத் திருடனுக்கும், தபால்காரருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது.

காவலுக்குத் தேவை கடி அல்ல, குரைப்பு. தன் வீட்டையும் ஆட்களையும் அறிந்த நாய், ஒரு வயது ஆகும்போது அயலாரைக் கண்டு தானாகவே குரைக்கும். இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கற்றுத்தர வேண்டியது எங்கே நிறுத்துவது என்பதைத்தான். ராஜபாளையம், கோம்பை போன்ற நம் நாட்டு இனங்கள் இயல்பாகவே அயலாரிடம் நெருங்காதவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்ட பெருமை உண்டு. இத்தகைய குட்டிகளைச் சிறு வயதில் மேலும் அதிகமாக மனிதருடன் பழக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரை உள்ள பருவத்தில் குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ, அதற்குப் பின்னாளில் பயப்படாது. பயப்படாத நாய் வீணாகக் கடிக்காது. மீன் கூடை சுமந்து வருவோர், குடை பிடித்தவர், தொப்பி போட்டவர், மோட்டார் சைக்கிள், படகு இயந்திரத்தின் சத்தம் ஆகிய எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம்.

குட்டியின் கடியை அலட்சியம் செய்யலாகாது

‘குட்டிதானே, விஷம் கிடையாது’ என்ற பேச்சு உயிரைக் குடிக்கும். தாய் நாய்க்குத் தடுப்பூசி போடப்படாமல் இருந்தால், இரண்டு மூன்று மாதக் குட்டிக்கும் வெறிநோய் இருக்கக்கூடும். இந்நோய் வெளிப்பட்ட பின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் தடுப்பது எளிது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், பிரான்சில் 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்திக் காப்பாற்றினார். தமிழ்நாட்டில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் உலகில் வெறிநோயால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

குட்டியின் பல் பட்டுத் தோல் கீறினாலும், ரத்தம் வராவிட்டாலும், உடனே குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள், மஞ்சள் எதையும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று அஞ்ச வேண்டாம். அந்தப் பழைய மருந்து 2005-ஆம் ஆண்டோடு வழக்கொழிந்துவிட்டது. இப்போது கையில் தோலுக்குள் போடும் ஊசியை முதல் நாளிலும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொண்டால் போதும். கடி ஆழமாக இருந்தாலும், ரத்தம் வந்தாலும், காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். கடித்த குட்டியைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அது நலமாகத்தான் இருக்கிறதே என்று ஊசியைப் பாதியில் விடக் கூடாது; அதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

கடலோர ஊர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. குட்டி எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறி இருந்தால், ‘தொண்டையில் மீன் முள் மாட்டியிருக்கிறது’ என்று நினைத்து வாய்க்குள் கை விடுவது வழக்கம். அது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கை விடாமல், தனியே அடைத்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு முறையும், ஆண்டுதோறும் ஒரு முறையும். குடற்புழு மருந்தும் தவறாமல் கொடுத்துவர வேண்டும். புதுச்சேரிப் பகுதியினர் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

கொண்டுபோய் விடுவது தீர்வல்ல

ஏழெட்டு மாதம் ஆகியும் பல் அடங்காத நாயைச் சவுக்குத் தோப்பிலோ சாலை ஓரத்திலோ விட்டுவிட்டு வருவது, வீட்டுத் தொல்லையை அடுத்த ஊரின் தலையில் கட்டுவதாகும். வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். இத்தகைய நாய்க்கும் மேலே கூறிய முறையே பயன்படும். காலம் மட்டும் அதிகம் பிடிக்கும். அதுவரை வெளியாள் வரும் நேரத்தில் கட்டிவைக்க வேண்டும். வெளியே கூட்டிப்போகும்போது வாய்க்கூடை மாட்ட வேண்டும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று கடித்தால், நோயோ வலியோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு மாதம் வரை தாயிடம் விட வேண்டும். மூன்று மாதம் வரை எல்லாவற்றையும் காட்டிப் பழக்கி, வலிக்கும் கடியை நிறுத்த வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி. நான்கரை மாதத்துக்குள் மனிதர் மேல் பல் படாமல் பழக்கிவிட வேண்டும். இந்த நான்கரை மாதம் பாடுபட்டால், பன்னிரண்டு ஆண்டுக் காவலுக்கு நம்பிக்கையான துணை கிடைக்கும்.